‘நீ ஓகேயா?’ என்று அவனிடமே கேட்காதீர்கள்

கொழும்புப் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் வர்க்கம்தான். 22 வருடமாகத் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் புள்ளி எழுதக் கூப்பிட்டால் தவிர மைதானப் பக்கம் போகிற ஆள் இல்லை. மகன் றக்பிக்குச் சேர்ந்த பிறகுதான் சனிக்கிழமைகளில் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கோட்டுக்கு வெளியே நிற்கப் பழகினேன். இந்த மடலின் சிங்களப் பிரதியை ஒரு சிநேகிதி எழுதித் தருகிறார். பயிற்றுநர்களில் பலருக்கு அதுதான் போய்ச் சேரும். தமிழில் முதலில் எழுதுவது, இதைப் படிக்கப்போகிற அம்மா அப்பாமாருக்காகவும்தான்.

எந்தப் பாடசாலை, எந்த மைதானம், எந்தப் பயிற்றுநர் என்று எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாரும் தப்பிவிடுவீர்கள்.

ஒக்டோபர் மழை விட்ட ஒரு பின்னேரம். பயிற்சிப் போட்டி, இரண்டாம் பாதி. எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் பந்தோடு ஓடி வர, என் மகன் குனிந்து மறித்தான். தலை போகக்கூடாத பக்கம் போய், ஓடி வந்தவனின் இடுப்பெலும்பு இவன் கன்னப்பொறியில் பட்டது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆள் எழும்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நாலைந்து செக்கன் இருக்கும். பிறகு புல்லைப் பிடித்துக்கொண்டு எழும்பினான், எழும்பி எதிரணி நின்ற பக்கமாக நடந்தான். அவனோடு படிக்கிற ஒரு பிள்ளை ஓடிப்போய் ஜேர்சியைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி விட்டது.

பயிற்றுநர் போத்தலும் ஸ்பிரேயுமாக ஓடி வந்தார். தலையில் தண்ணீர் ஊற்றினார். “ஓகேயா புத்தா?” “ஓகே சேர்.” முதுகில் ஒரு தட்டு. விசில். பிறகு 11 நிமிடம் அவன் விளையாடினான். அந்த 11 நிமிடத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும். போட்டி முடிந்து நான் கேட்டபோது பயிற்றுநர் சிரித்தபடி “மொகுத் நே, மிஸ்” என்றார். ஒன்றுமில்லையாம்.

ஓட்டோவில் ஏறியதும் மகன் கேட்டான்: “அம்மா, நாங்க வெண்டமா?” தோற்றதைச் சொன்னேன். இரண்டு சந்தி தாண்டி, “அம்மா, நாங்க வெண்டமா?” பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. நாலாம் தரம் கேட்டபோது ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் அவனைப் பார்த்தார். “அக்கா, புள்ளைக்குத் தலையில ஏதும் பட்டுச்சா?” ஓம் என்றேன். “வீட்டுக்கு வேணாங்க்கா. எங்க அண்ணன் பைக்ல இருந்து விழுந்தப்போ இப்பிடித்தான், கேட்டதையே கேட்டுக்கிட்டு இருந்தாரு.” என் பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பினார்.

மைதானத்தில் நின்ற பொறுப்பாசிரியர், பயிற்றுநர், நடுவர், விஞ்ஞான ஆசிரியையான தாய், இத்தனை பேருக்கும் படாதது அந்தத் தம்பிக்குப் பட்டது.

ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர் அவனைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டு, அட்டையில் 14 என்று எழுதினார். எத்தனைக்கு என்று கேட்டேன். 15க்கு. நிம்மதி வந்தது. வாத்தியார்ப் புத்தி, 15க்கு 14 என்றால் ‘ஏ’ சித்திதானே. இளம் வைத்தியர் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அது 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனெட் என்ற இரண்டு வைத்தியர்கள் வகுத்த அளவு. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6. எதுவுமே அசையாத ஆளுக்குக்கூட 3 கிடைக்கும். என் மகன் இழந்த அந்த ஒரு புள்ளி பேச்சில் போனது. பேசுகிறான், ஆனால் குழம்பிப் பேசுகிறான். “உங்களோட சோதனைத்தாள் மாதிரி இல்லை, மிஸ். இதில ஒண்டு குறைஞ்சாலும் ஏன் குறைஞ்சது எண்டு தேடவேணும்” என்றார்.

ஸ்கான் எடுத்தார்கள். இரத்தக் கசிவு இல்லை. மண்டையோட்டில் வெடிப்பும் இல்லை. “அப்ப ஒண்டும் இல்லைத்தானே டொக்டர்?” என்றேன். “ஸ்கானில ஒண்டும் இல்லை. பிள்ளைக்கு மூளை அதிர்ச்சி இருக்கு” என்றார். கன்கஷன் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்பதைத்தான் நான் இப்போது வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். திஸ்ஸமகாராமப் பக்கம் போய்வருகிறவர்கள் வழியில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வருவார்களே, அதை நினையுங்கள். பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்புகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே கட்டிய கடதாசியை அவிழ்த்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். மூளை கிட்டத்தட்ட ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள மெத்தென்ற ஒரு பொருள், திரவத்துக்குள் மிதக்கிறது. தலை வேகமாகப் போய்ச் சடாரென நின்றாலோ திருகினாலோ, உள்ளே அது ஓடும், இழுபடும். நரம்பிழைகள் இழுபட்டு, உயிரணுக்களின் உப்புச் சமநிலை குழம்பி, அதைத் திருத்துவதற்கு மூளை தன் சக்தியை எல்லாம் செலவழிக்கிறது. சாதாரண சீ.டி. ஸ்கான் சட்டி உடைந்திருக்கிறதா, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்கும். தயிர் குலைந்ததை அது காட்டாது. ஹெல்மெட்டும் அப்படித்தான். அது சட்டிக்குக் காவல், அந்தக் காவல் பெரிய காவல். ஆனால் ஹெல்மெட் போட்டவனுக்கு மூளை அதிர்ச்சி வராது என்று எந்தக் கிரிக்கெட் பயிற்றுநரும் எண்ண வேண்டாம். றக்பிப் பிள்ளைகள் போடுகிற அந்த மெத்தைத் தொப்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது காதுக்கும் தோலுக்கும்தான்.

(ஹெல்மெட் என்றதும் ஒன்று. காலையில் காலி வீதியில் அப்பா ஹெல்மெட், அம்மா ஹெல்மெட், நடுவில் வெறுந்தலையோடு ஒரு பிள்ளை. பாடசாலை வாசலில் நிற்கிற அதிபர்களாவது இதைக் கேட்கக்கூடாதா?)

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். அது அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. “ஓகேயா?”

கால் சுளுக்கினால் அந்தக் கேள்வி சரி. கால் நோகிறதா என்று மூளை சொல்லும். தலையில் அடிபட்டவனிடம் அதைக் கேட்டால், அடிபட்ட உறுப்பிடமே அதன் நிலைமையை விசாரிக்கிறீர்கள். கள்ளனையே கேட்டுக் களவைத் துப்புத்துலக்குவது மாதிரி. அதோடு அவனுக்குப் பதினைந்து வயது. சுற்றி நின்று பார்க்கிற சிநேகிதர்கள், அடுத்த வாரம் அறிவிக்கப்போகிற அணி, ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பட்டம், இவ்வளவுக்கும் நடுவில் நின்று “இல்லை சேர், எனக்கு ஓகே இல்லை” என்று சொல்லக்கூடிய பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. மூளை அதிர்ச்சியில் பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை. ஆகவே “மயங்கேல்லைத்தானே” என்பதும் ஒரு பதில் இல்லை.

பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 2019 ஓகஸ்ட்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து கழுத்தில் பட்டது. அப்போது 80 ஓட்டம். வைத்தியர் பார்த்தார், சோதனைகள் செய்தார்கள், சித்தி. திரும்ப வந்து 92 வரை ஆடினார். அடுத்த நாள் காலை அறிகுறிகள் தெரிந்தன. போட்டியிலிருந்து விலக்கினார்கள். அவருக்குப் பதிலாக வந்த லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்ச்சிக்கு மாற்றாக இறங்கிய முதல் வீரர், அந்த விதியே அதே மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. லோர்ட்ஸில், பக்கத்தில் வைத்தியரோடு, உலகத்தின் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரருக்கே இப்படி என்றால், ஒரு போத்தல் தண்ணீரையும் ஒரு ஸ்பிரேயையும் வைத்துக்கொண்டு நீங்கள் அரை நிமிடத்தில் என்னத்தைத் தீர்மானிக்கிறீர்கள்?

பழைய மாணவர்களில் மூத்தவர்கள் 1975 உலகக் கிண்ணத்தை இழுப்பார்கள், எனக்குத் தெரியும். ஓவல் மைதானம், அவுஸ்திரேலியாவின் தோம்சன் போட்ட பந்து, ஹெல்மெட் இல்லாத காலம், துலிப் மெண்டிஸ் தலையில் வாங்கினார், சுனில் வெத்தமுனி காலில் வாங்கினார். எங்கள் அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது எழும்பி நின்றுதான் சொல்வார். ஆனால் கதையின் முடிவை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இரண்டு பேரும் ஆட்டத்தை இடையில் விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதனால் அவர்களை ஒருவரும் கோழை என்று சொல்லவில்லையே.

மைதானத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. இப்போது எந்த மைதானத்தில் நிற்கிறோம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக ஸ்கோர் பண்ணியது யார்? போன போட்டி யாரோடு? அதில் வென்றோமா? உலகம் முழுக்க விளையாட்டு வைத்தியர்கள் பாவிக்கிற கேள்விகள் இவை. என் மகன் அன்றைக்கு முதலாவதைத் தவிர ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் கவனம், எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதற்காக உள்ளே விடக்கூடாது. பிழையான பக்கம் நடந்தான், எழும்பத் தடுமாறினான், வெறித்துப் பார்த்தான், தலையைப் பிடித்தான், ‘வெளிச்சம் கூசுது’ என்றான், காரணமில்லாமல் அழுதான் அல்லது எரிந்து விழுந்தான். இவற்றில் ஒன்றைக் கண்டாலே போதும், அன்றைய நாள் அவனுக்கு முடிந்தது. பத்து நிமிடத்தில் தெளிந்தாலும் முடிந்ததுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், முதல் அடியை மூளை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அது ஆறுவதற்கு முன்னர் விழுகிற இரண்டாவது அடிக்குத்தான் பயம். மிக அரிது, ஆனால் வந்தால் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான் வருகிறது, மூளை நிமிடக் கணக்கில் வீங்கிவிடும். 2011இல் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன் பாடசாலை றக்பிப் போட்டியில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து விளையாடி, மைதானத்திலேயே விழுந்து, பின்னர் இறந்துபோனான். அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு வெளியே வந்து, அதே போட்டியில் திரும்ப இறங்கி, மூளையில் சத்திரசிகிச்சை செய்து உயிர் தப்பினான், பழைய உடம்பு திரும்பவில்லை. அவன் பேரிலேயே 2009இல் அங்கே லைஸ்டெட் சட்டம் வந்தது. சந்தேகம் என்றால் வெளியே, எழுத்து மூலம் வைத்தியத் துறையினர் அனுமதிக்கும் வரை உள்ளே இல்லை. ஐந்தே வருடத்தில் 50 மாநிலங்களும் இப்படி ஒரு சட்டத்தை எழுதிக்கொண்டன. பிரித்தானியாவில் 2023இல் அடிமட்ட விளையாட்டுக்கு வெளியிட்ட வழிகாட்டலில், போட்டிக்குத் திரும்ப ஆகக் குறைந்தது 21 நாள் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் மைதானங்களில் நான் கண்ட இடைவெளி 21 நாளுமில்லை, 21 நிமிடமுமில்லை.

எங்கள் ஆட்களின் வைத்தியத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் மைதான ஓரத்தில் நிற்கிற அம்மா அப்பாக்களாகிய நாங்களும் உங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. “இரத்தம் வெளிய வந்திட்டுது, இனிப் பயமில்லை.” “வீங்கினா நல்லம், உள்ளுக்க கட்டேல்லை.” இரண்டும் பிழை. மண்டைத் தோலில் இரத்தக் குழாய்கள் நிறைய, சின்ன வெட்டுக்கும் சட்டை நனையும். வெளியே வந்த இரத்தம் உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு சாட்சியும் சொல்லாது. கன்னப்பொறியில் எலும்பு மெல்லியது, அதன் உட்பக்கமாக ஒரு நாடி ஓடுகிறது. அது கிழிந்தால், பிள்ளை எழும்பி, கதைத்து, ரோல்ஸும் சாப்பிட்டு, சில மணித்தியாலம் கழித்துச் சரியலாம். தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிந்தால், பேச்சு குழறினால், கைகால் சோர்ந்தால், காதாலோ மூக்காலோ இரத்தமோ தெளிந்த நீரோ வந்தால், எழுப்ப எழும்பாவிட்டால், கழுத்து நோகுது என்றால் ஓட்டோவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம், 1990க்கு அடியுங்கள். காசு இல்லை, சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும். கழுத்தையும் தலையையும் அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள்.

“நித்திரை கொள்ள விடாதே” என்பதும் அரைகுறை உண்மை. வைத்தியர் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் பிள்ளை நித்திரை கொள்ளட்டும், மூளை ஆறுவதே நித்திரையில்தான். முதல் இரவு பக்கத்தில் ஒருவர் படுத்து, கூப்பிட்டால் எழும்புகிறானா என்று பார்த்தால் போதும். நோவுக்குப் பனடோல். வைத்தியர் சொல்லாமல் அஸ்பிரின் வேண்டாம். தைலம் பூசுவதை நான் தடுக்கமாட்டேன், பூசுகிற அம்மம்மாவுக்கு அது நல்லது. அம்மம்மா என்றதும், இது மைதானத்து விஷயம் இல்லை, ஆனாலும்: இரத்தம் உறையாத மருந்து எடுக்கிற முதியவர் குளியலறையில் வழுக்கித் தலை இடிபட்டால், அன்றைக்கு நல்லாய் இருந்தாலும் காட்டுங்கள். கிழமைகள் கழித்துத் தடுமாறும்போது ‘வயசு’ என்று விட்டுவிடுகிறோம்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட. பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் நித்திரை கொண்ட பிள்ளை, அடிபட்ட அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு ரயிலுக்கும் தலையணையை எடுத்து முகத்தில் அமத்திக்கொண்டான். குழல் விளக்கைப் போடவிடவில்லை. மூன்றாம் நாள் தவணைப் பரீட்சை. வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்தான். “எழுத்து தெரியுது அம்மா. உள்ளுக்குப் போகுதில்லை.”

வகுப்பாசிரியைக்குக் கடிதம் கொடுத்தேன். “காயம் ஒண்டும் காணேல்லையே” என்றார். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை வலைப்பந்து விளையாடும்போது பின்பக்கமாக விழுந்தாள். அடுத்த கிழமை, “தலையிடிக்குது டீச்சர், போட்டைப் பார்க்க ஏலாமக் கிடக்கு” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சோதனை வந்தாத் தலையிடியும் வந்திடும்.” வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

கையில் கட்டுப் போட்டிருந்தால் எழுதச் சொல்லமாட்டோம். இதற்குக் கட்டுப் போட இடமில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் ஆறுதலாக இருக்கவேண்டும், போனும் கணினியும் குறைய. இருட்டறையில் கிழமைக்கணக்காகப் பூட்டி வைப்பதல்ல, அந்தப் பழைய முறை போய்விட்டது, மெதுவாக நடக்கலாம். பிறகு அரை நாள் பாடசாலை, இடையில் ஓய்வு, சோதனை பின்போடுதல். ஒலிபெருக்கி வைத்து முந்நூறு பேரை இருத்தி நடத்துகிற டியூஷன் மண்டபம் கடைசியில். படிப்பு முழுதாகத் திரும்பிய பிறகே போட்டி. பயிற்சியும் படிபடியாக, ஒரு படிக்கு ஒரு நாளாவது, அறிகுறி கூடினால் ஒரு படி கீழே. அநேகமான பிள்ளைகள் நாலு கிழமைக்குள் தேறிவிடுகிறார்கள். என் மகனுக்கு ஐந்து எடுத்தது.

நான் உங்களிடம் கேட்பது பணம் இல்லை, கருவி இல்லை. வெல்லவேண்டும் என்று தவிக்கிற ஆளிடம் இந்தத் தீர்மானத்தை விடாதீர்கள். பயிற்றுநர் நல்லவராகவே இருக்கட்டும், எங்கள் பயிற்றுநர் நல்ல மனிதர், அடுத்த நாள் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். ஆனால் ஐந்து புள்ளி பின்னால் நிற்கும்போது அவரும் மகனைப் போலத்தான், சரியாகப் பார்க்கிற நிலையில் இல்லை. ஒவ்வொரு போட்டிக்கும் ஸ்கோர் பற்றிக் கவலையில்லாத ஒருவரை நிறுத்துங்கள். இன்னொரு பாட ஆசிரியராக இருக்கலாம், முதலுதவி படித்த ஒரு பெற்றாராக இருக்கலாம். அவர் கை தூக்கினால் பிள்ளை வெளியே. எம்.ஐ.சி. என்கிற பொறுப்பாசிரியரும் வாதாடக்கூடாது, பழைய மாணவர் சங்கத் தலைவரும் வாதாடக்கூடாது. வெளியே எடுத்த பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்பாதீர்கள். என்ன நேரம் அடிபட்டது, என்ன கண்டீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி வீட்டாரின் கையில் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதே அதைத்தான், என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த ஜேர்சியைப் பிடித்துத் திருப்பிய பிள்ளையையும் மறக்காதீர்கள். முதலில் கண்டவன் அவன்தான். பிறகு என்னிடம் சொன்னான்: “ஆன்ரி, சேரிட்டச் சொன்னா இவன் என்னோட கதைக்கமாட்டான் எண்டு பேசாம இருந்திட்டன்.” சீசன் தொடங்க முன்னர் பிள்ளைகளை இருத்தி, கூட்டாளிக்குத் தலையில் பட்டதைக் கண்டால் கை தூக்குவதும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நீங்களே சொல்லுங்கள். நாங்கள் வீட்டில் சொன்னால் எடுபடாது, நீங்கள் சொன்னால் எடுபடும்.

மகன் திரும்ப விளையாடப் போகிறான். நான் மறிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை முதல் போட்டி. நானும் வருவேன், அதே குடையோடு. அந்த ஐந்து கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அட்டையில் எழுதி, மழையில் நனையாமல் பொலித்தீன் ஒட்டி வைத்திருக்கிறேன். கூட இருபது பிரதி இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பதினோராம் தர மாணவன் ஒருவனின் அம்மா,
விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06